கிழக்கு பார்த்த நான்கு இன்ஜின்கள்

ஜனவரி 17. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஒன்பதாம் படத்தில் வலது இறக்கையின் நிழலை ஒருமுறைதான் அளந்தேன். இரண்டு முறை அளக்க வேண்டும் என்பது பாடம். நிழலுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. விமானத்துக்கு அடியில் நிற்கும் பணியாளர்கள் என்று எடுத்துக்கொண்டேன். சிநேகிதி வடிவு அவசரப்படுத்தினாள் என்று எழுத வந்தேன்; அது சாக்கு. என் முடிவு: நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம், வகை தெரியாதது. நாளை முதல் வேலையாக நிழலை மறுபடி அளக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் இசக்கியம்மாளுக்கு வழக்கம்போல் அடுத்த சந்தேகம் வந்தது. 'சின்னத் தவறு' என்று எழுதலாமா, 'தவறு' என்று மட்டும் எழுத வேண்டுமா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அப்படியே விட்டாள். மாணவர்கள் தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்பது அவள் போகும் மாலை வகுப்பின் விதி. எழுதுவதற்கு வகுப்பை நடத்தும் மையமே ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருந்தது. மற்றவர்கள் இரண்டு வரி எழுதிக் கை கழுவினார்கள். இசக்கி ஒருத்திதான் அதைக் கோயில் உண்டியல் மாதிரி நினைத்து உள்ளதையெல்லாம் போட்டாள்.

பகலில் அவளுக்குப் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்த வேண்டும். சாய்வு ஒரு மயிரிழை மாறினாலும் போட்டவருக்குத் தலைவலி வந்துவிடும். யாருக்கோ தலைவலி கொடுத்துவிட்டோமோ என்ற கவலையோடுதான் தினமும் வீட்டுக்குப் போவாள். கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பாள். "அந்தப் பூட்டுக்கு வாய் இருந்தா அழுதுருக்கும்ட்டி" என்பார் கடைக்காரர்.

அதனால்தான் 'வானவிழி' மாலை வகுப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. நூறு வருஷத்துக்கு முந்திய இரண்டாம் உலகப் போரில் வானத்திலிருந்து எடுத்த படங்கள். சாம்பல் நிறத்தில், கீறல் விழுந்து, ஓரம் கருகி இருக்கும். அவற்றில் இன்னும் பெயர் தெரியாத ராணுவ விமானங்கள் நிற்கின்றன. இறக்கையின் வடிவம், வாலின் நீளம், இன்ஜின் எண்ணிக்கை, நிழல் விழும் பக்கம், இவற்றைக் கொண்டு இன்ன வகை என்று சொல்ல வேண்டும். ஒரு படத்தை மூன்று பேர் பார்ப்பார்கள். மூவரும் ஒன்றே சொன்னால் படத்தின் மேல் 'உறுதி' என்று விழும். வரலாற்று ஆவணம் ஒன்று முழுமையாகிறது என்று முதல் பாடத்தில் சொன்னார்கள். இசக்கியின் மனதில் நின்றது வேறு. அந்தப் போர் முடிந்துவிட்டது. இவள் தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் தலைகூட வலிக்காது.

அன்று ஒன்பதாம் படத்தை வடிவும், பின் வரிசையில் உட்காரும் பரமகுருவும் முதலிலேயே பார்த்து முடித்திருந்தார்கள். வடிவு, அதாவது சண்முகவடிவு, பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. இவளை வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

"எங்க ரெண்டு பேருக்கும் நாலு இன்ஜின்தான் வந்துருக்கு. நீ மட்டும் என்னளா படத்து மேல ஏறி உக்காந்து அடைகாக்க?" என்றாள் வடிவு.

"நிழல்ல என்னமோ புள்ளி புள்ளியாத் தெரியுது."

"ஆளு நிக்காங்க. நூறு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கவனுக்குக் கால் வலிக்காதா? சீக்கிரம் விடு அவன."

இசக்கி சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு பட்டனையும் அமுக்கினாள். 'உறுதி' விழுந்தது.

மறுநாள் மத்தியானம், கடையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில், அண்ணன் கொம்பையா அனுப்பிய வீடியோ ஒன்று போனில் வந்து விழுந்தது.

அண்ணனுக்கு மர்சூன் நாட்டில் வேலை. துறைமுகத்தை விரிவாக்கும் இடத்தில் உயரக் கிரேன் ஓட்டுகிறான். கார்த்திகையில் அங்கே சண்டை மூண்டது. கம்பெனி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் ஏறி வர விமானம் இல்லை. பொங்கலுக்கு முன்பே போன் தொடர்பு அறுந்துபோனது. எப்போதாவது ஒரு நிமிடம் உயிர் வரும்போது பழைய செய்திகள் மொத்தமாக வந்து சேரும். இதுவும் அப்படித்தான். பொங்கலன்று எடுத்தது.

வீடியோவில் முதலில் காற்று இரைந்தது. பிறகு அண்ணன் குரல்.

"ஏட்டி இசக்கி, கிரேன் மேல இருந்து எடுக்கேன். கீழ பாரு, நம்ம பந்தல். எப்படி இருக்கு? சாரக்கம்பி எல்லாம் கம்பெனியோடது, வேல எங்களோடது. நீளமா இருக்குலா, அது சாப்பாட்டுப் பந்தி. குறுக்க இருக்கது பொங்கப்பான வைக்க. நாலு அண்டா. நாங்குநேரிக்காரனுவளுக்கு ஒண்ணு, வள்ளியூருக்கு ஒண்ணு, ராதாபுரத்துக்கு ஒண்ணு, பீகார்க்காரப் பயலுவளும் மலையாளத்தானும் சேந்து ஒண்ணு. பொறத்தால சின்னதா நீட்டிக்கிட்டு இருக்குல்லா, அது நம்ம சுடலைமாடசாமிக்கு. அவர வெயில்ல நிறுத்தினா கோவப்படுவாருல்லா." அவனே சிரித்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பிரிக்க மாட்டோம். கரண்டு இல்ல, ரூமுக்குள்ள வெந்துரும். மத்தியானம் அம்புட்டுப் பேரும் இதுக்குள்ளதான் படுத்துக் கெடக்கோம். அம்மைட்ட சொல்லு, நான் நல்லா இருக்கேன்னு."

பந்தலுக்கு வெள்ளி நிற வெயில்விரிப்பு போட்டிருந்தார்கள். குறுக்குப் பந்தலின் கிழக்கு ஓரத்தில் நான்கு அண்டாக்கள். நான்கிலிருந்தும் புகை பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. விரிப்பின் ஓரத்தில் விழுந்த நிழலில், பந்தக்கால்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

இசக்கி வீடியோவை நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி நிறுத்தினாள்.

நமக்கு எதைப் பார்த்தாலும் விமானமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். நீளமாக ஒன்று, குறுக்கே ஒன்று, வாலில் ஒரு துண்டு. உலகத்தில் எத்தனையோ அப்படி இருக்கும். ஆனால் கிரேனின் நிழல் பந்தலைத் தாண்டித் தரையில் நீளமாக விழுந்து, நுனியில் கொக்கிபோல் மடங்கியிருந்தது. அந்த நுனி எப்படி மடங்கியது என்பது அவளுக்குத் தெரியும். தீபாவளி சமயத்தில் அடித்த புயலில் விளக்குச் சட்டம் உடைந்து தொங்குகிறது, யாரும் சரிசெய்து தரவில்லை என்று அண்ணன் புலம்பியிருக்கிறான். ஒன்பதாம் படத்திலும் அந்தக் கொக்கி இருந்தது. 'நுனி மடங்கிய கம்பம், ஓடுதள ஓரம்' என்று தன் கையால் பதிந்திருந்தாள்.

நூறு வருஷத்துக்கு முந்திய படத்தில் போன தீபாவளிக்கு உடைந்த விளக்குச் சட்டம் எப்படி வரும்?

அப்போதும் தன் கண்ணை நம்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. போன் திரையின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தாள். இரண்டு முறை அளந்தாள். இறக்கைக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் நேற்றுப் பதிந்ததுதான். நான்கு இன்ஜினும் கிழக்கு பார்த்து நின்றன என்பது நேற்றே அவள் கவனித்த சங்கதி. காற்றடிக்கும் திசைக்காக அப்படி நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு தைக்கும் சூரியனைப் பார்த்துப் பானை வைத்தவள்.

அண்ணனுக்கு அடித்தாள், போகவில்லை. 'பந்தல உடனே பிரிங்க அண்ணே, யாரும் உள்ள படுக்காதீங்க' என்று அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றது.

வகுப்பு ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் நடக்கிறது. சாயங்காலம் படிக்கட்டில் வடிவை நிறுத்தினாள்.

"ஏட்டி, இந்தப் படம்லாம் எப்ப எடுத்தது?"

"நூறு வருஷத்துக்கு முன்ன. மொதப் பாடத்துலயே சொன்னாங்கள்லா?"

"எங்க அண்ணன் ஏறுத கிரேன் அதுல நிக்கி."

வடிவு, எந்தக் கிரேன் என்று கேட்கவில்லை. எந்தப் படம் என்றும் கேட்கவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே இசக்கிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"ஆடியில இருந்து."

இசக்கி வகுப்பில் சேர்ந்தது புரட்டாசியில்.

"அப்ப மர்சூன்ல சண்டையே இல்லையே."

"அப்ப வேற எடத்துல சண்ட. எங்கயாவது ஒண்ணு நடந்துக்கிட்டேதான் இருக்கு." வடிவு குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்லலாம்னுதான் இருந்தேன் இசக்கி."

"தெரிஞ்சுதான் என்னைக் கூப்பிட்டியா?"

"மூணாவது கண்ணு வேணும்னாங்க. சும்மா தலையாட்டுதவ வேண்டாம், யோசிக்கவளாப் பாருன்னாங்க. நீ யோசிப்ப." கொஞ்சம் தயங்கினாள். "யோசிச்சு யோசிச்சு கடைசில நான் சொல்லுததுக்கு வந்துருவ. எனக்குத் தெரியும்லா."

குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் இசக்கிக்குத் தாங்கவில்லை. பரீட்சைக்குப் போகும் வழியில், ஹால் டிக்கெட் எடுத்தோமா என்று நடுரோட்டில் நின்று பையைக் கவிழ்த்த நாளில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்தவள் இவள். அன்றிலிருந்தே கணக்காகப் பார்த்து வைத்திருக்கிறாள்.

"அது உங்க அண்ணன் இருக்க எடம்னு சத்தியமா எனக்குத் தெரியாதுளா."

"வேற யார் அண்ணனா இருந்தாலும் பரவால்லன்னு இருந்தியா?"

"அப்படிக் கேக்காத. இங்க எனக்கு வேல நெரந்தரமாகப் போவுது. எங்க வீடு இருக்க இருப்பு ஒனக்குத் தெரியும்."

"ஏறி வா. சார்ட்ட ரெண்டு பேரும் மாத்திச் சொல்லுவோம்."

வடிவு ஏறவில்லை. "நான் மாத்தினா, ஏன் மாத்துனேன்னு கேப்பாங்க" என்றாள். இசக்கி தனியாக ஏறினாள்.

மையத்தின் மேற்பார்வையாளர் மகிழ்நன் சென்னைக்காரர். யாரிடமும் அதிர்ந்து பேசி அவள் கேட்டதில்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். முகத்தில் பெரிய மாறுதல் இல்லை.

"உட்காருங்க இசக்கி. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார். இது பொய்ப் படமா, நெசப் படமா?"

"படம் நிஜம். பழசு மட்டும் பொய். ரெண்டு மூணு நாள் முன்னாடி எடுத்த படத்தை ஒரு மென்பொருள் நூறு வருஷப் படமா மாத்தும். கீறல், கறை, எல்லாம் அது போடறதுதான்."

"எதுக்கு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் வலது லென்ஸ் அவள் கடையில் அவள் வெட்டியது.

"இப்போ சண்டையில பாதி விமானம் அட்டை விமானம். தரையில நிழலைக்கூடப் பெயிண்ட்ல அடிச்சு வைக்கிறாங்க. கம்ப்யூட்டர் ஏமாந்துடுது. அதுவுமில்லாம, மிஷின் தானா முடிவெடுத்துக் குண்டு போடக் கூடாது, ஒரு மனுஷக் கண் பார்த்துச் சொல்லணும்னு நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு. பார்க்கணும்னுதான் இருக்கு இசக்கி. என்ன பார்க்கிறோம்னு அந்தக் கண்ணுக்குத் தெரியணும்னு எங்கேயும் எழுதலை. தெரிஞ்சா கை நடுங்கும். பாதிப் பேர் பட்டனைத் தொட மாட்டாங்க. மீதிப் பேர் ஆசையாத் தொடுவாங்க. ரெண்டுமே ஆபத்து. உங்களை மாதிரி அமைதியாப் பார்க்கிற ஆள்தான் வேணும்."

"இந்த வீடியோவப் பாருங்க சார்." அவள் போனை நீட்டினாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காட்டாதீங்க. வெளி ஆதாரம் எதையும் எடுத்துக்க மாட்டாங்க. நான் பார்த்தா அதுக்கும் பதில் சொல்லணும்."

"அதுக்குள்ள ஆளுங்க படுத்துருக்காங்க சார்."

"படத்துல ஆள் படுத்திருக்காங்களா? நிக்கிறாங்க, விமானப் பணியாளர்கள்னு பதிஞ்சது நீங்கதானே?"

"தப்பாப் பதிஞ்சேன். அது பந்தக்கால். நேத்தே குறிப்புல எழுதிருக்கேன், ஒரு தடவதான் அளந்தேன்னு."

"படிச்சேன்." அவர் குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "மேலயும் படிச்சாங்க. படத்தோட உங்க குறிப்பும் சேர்ந்துதான் போகும். ஒரு மனுஷி எவ்வளவு பொறுப்பாப் பார்த்து முடிவெடுத்திருக்காங்கன்னு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. உங்க சந்தேகத்துக்கு அங்க ரொம்ப மதிப்பு. நம்ம மையத்தைப் பாராட்டியே வந்திருக்கு."

இசக்கிக்குப் புரட்டாசியிலிருந்து எழுதியது எல்லாம் நினைவில் ஓடியது. 'இன்று கவனம் சிதறியது.' 'என்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் இதுவே என் முடிவு.' யாரோ முன்பின் தெரியாதவர்கள் அதை வாசித்துத் திருப்தியாகத் தலையாட்டியிருக்கிறார்கள். அந்தப் படங்களில் நின்றதெல்லாம் என்ன என்று யோசிக்கப் போனாள். பிறகு, இப்போது வேண்டாம், முதலில் அண்ணன் என்று மனதை இழுத்துப் பிடித்தாள்.

"நான் மாத்திச் சொல்லுதேன்."

"தாராளமா. குண்டு போட உத்தரவு இன்னும் போகலை. அது உங்க உரிமை."

டேப்லெட்டில் ஒன்பதாம் படம் திறந்தது. 'பந்தல்' என்று தேர்ந்தெடுக்க அதில் இடமில்லை. 'விமானம் அல்ல' என்று ஒன்று இருந்தது. அமுக்கினாள். 'உறுதி' மறைந்து 'சந்தேகம்' வந்தது.

"அவ்வளவுதானா சார்? இனி ஒண்ணும் ஆவாதா?"

"இனி இது சந்தேகப் படம். இன்னொரு ஊர் மையத்துக்குப் போகும். நாளைக்குச் சாயங்காலம் அங்க மூணு பேர் பார்ப்பாங்க. அவங்க சொல்றதுதான் முடிவு."

"எந்த ஊரு?"

"அதைச் சொல்ல முடியாது. அவங்க சந்தேகம் நமக்கு வரும், நம்ம சந்தேகம் அவங்களுக்குப் போகும். ஜோடி ஜோடியா வெச்சிருக்காங்க." அவர் எழுந்தார். "வகுப்பை விட்டு நிக்கணும்னு தோணும். நின்னா உங்க மறுப்பும் செல்லாது. மையத்துல இருக்கிற கண்ணுக்குத்தான் கணக்கு. வெளியே பேசக் கூடாதுன்னு சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்."

இசக்கி தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில், அதற்குள் ஏறி வந்துவிட்ட வடிவு தலையைக் குனிந்து தன் படத்தை அளந்துகொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் வழக்கம்போல் கடலை மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. யாரும் தொடவில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது? போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்குவதற்குள் நாளைச் சாயங்காலம் வந்துவிடும். ஏதோ ஒரு ஊரில் மூன்று பேர், பழைய படம்தானே என்ற நிம்மதியோடு, நாலு பானையைப் பார்த்து நாலு இன்ஜின் என்று சொல்லப்போகிறார்கள். சோம்பேறித்தனத்தால் அல்ல, நன்றாக அளந்துதான் சொல்வார்கள்.

டேப்லெட்டில் புதுப் படம் வந்தது. மூலையில் 'சந்தேகம்' என்று இருந்தது. மரங்களுக்கு நடுவில் ஒரு மைதானம். அதில் நீளமாக, வெளுப்பாக ஒன்று கிடந்தது. இரண்டு பக்கமும் அகன்று, பின்னால் குறுகியிருந்தது. விமானம் மாதிரிதான் இருந்தது. யாருடைய கல்யாணக் கூடாரமோ, யார் ஊர்த் தேர்க் கொட்டகையோ, அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த மரங்களின் பெயர்கூடத் தெரியவில்லை. தன் வீட்டுப் பானையையே இன்ஜின் என்று எண்ணியவளுக்கு அடுத்தவர் வீட்டுப் பானை எங்கே தெரியப்போகிறது?

படத்தை நகர்த்தினாள். அடியில் ஒரு குறிப்பு வந்தது. படத்தோடு குறிப்பும் சேர்ந்துதான் போகும் என்று அவர்தானே சொன்னார்.

'எனக்கு இது விமானமாகத் தெரியவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. மற்ற இருவரும் விமானம் என்கிறார்கள். நான்தான் தவறாக இருக்கலாம். மன்னிக்கவும்.'

அதற்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது: விழுப்புரம் மையம், மாணவர் 14.

இசக்கி அதை இரண்டு முறை வாசித்தாள். அவர்கள் சந்தேகம் நமக்கு, நம் சந்தேகம் அவர்களுக்கு. பக்கத்தில் வடிவு நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. இசக்கி திரையை மெல்லச் சாய்த்துக்கொண்டாள். அவளிடமிருந்து எதையாவது மறைத்தது இதுதான் முதல்முறை.

அந்தப் படத்தை முறைப்படி அளந்தாள். பிறகு 'விமானம் அல்ல' என்று அமுக்கினாள். பூட்டை இழுத்துப் பார்க்கிற நினைப்பு வரவில்லை.

டேப்லெட்டில் அன்றைய குறிப்பை ஒரே வரியில் முடித்தாள்: 'ஜனவரி 18. நாளை கடையில் வேலை அதிகம், விடுப்பு வேண்டும்.' பிறகு கைப்பையிலிருந்து கடையின் பவர் சீட்டு ஒன்றை எடுத்தாள். வலது கண், இடது கண் என்று கட்டம் போட்ட பக்கத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் பேனாவால் எழுதினாள்.

நாளை: காலை ரயிலில் விழுப்புரம் போக வேண்டும். போனில் முழுச் சார்ஜ். சாயங்கால வகுப்பு தொடங்குவதற்கு முன் மையத்தைக் கண்டுபிடித்து வாசலில் நிற்க வேண்டும். மாணவர் 14 யார் என்று கேட்டு, முதலில் அவருக்கு வீடியோவைக் காட்ட வேண்டும்.